சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி

கம்பஸில் படித்த எல்லாருக்கும் அப்படி ஓர் இடம் தெரியும். படிக்கட்டுக்குக் கீழே, இல்லாட்டி கொரிடோர் முடியிற மூலை. அங்கதான் வைஃபை இழுக்கும். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி: அக்சஸ் பொயின்ட். ஏன் அதை அந்தச் சுவரில் மாட்டினார்கள்? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

கம்பியில்லாமல் கணினிகளை இணைக்கும் முயற்சி ஒரு பல்கலைக்கழகத்தில்தான் பெரிதாக வெளிப்பட்டது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனின் குழு அலோஹாநெற்றை இயக்கியது. தீவுகளில் இருந்தவர்கள் வானொலி அலை வழியாக மையக் கணினியோடு பேசினார்கள். ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்வது, தகவல்கள் மோதினால் கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அனுப்புவது என்ற யோசனை அங்கேதான் வேர்விட்டது. அவர்களுக்குத் தாண்ட வேண்டியிருந்தது கடல்.

சுவர்களைத் தாண்டும் வேலை அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகருக்கு வந்தது. அங்குள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1993இல் அலெக்ஸ் ஹில்ஸ் 'வயர்லெஸ் அண்ட்ரூ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கம்பி வழி வலையமைப்புக்கு அங்கே ஏற்கெனவே 'அண்ட்ரூ' எண்டு பெயர். அண்ட்ரூ கார்னகி, அண்ட்ரூ மெலன் இருவரின் நினைவாக வைத்தது. 'வைஃபை' என்ற சொல்லே அப்போது இல்லை. அதற்கான 802.11 தரநிலை 1997இல்தான் வந்தது. சில கட்டிடங்களில் ஆய்வுக்காகத் தொடங்கியது, அந்தப் பத்தாண்டு முடியும்போது கம்பஸ் முழுக்கப் பரவியது.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதுதான் அவர்களுக்குத் தலையிடி. தூரத் தூர வைத்தால் இடையில் சிக்னல் செத்துப்போகும். நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று குழப்பும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அலை பக்கத்து அறைக்கு மட்டும் போகாது, மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் போகும். கொங்கிறீற் சுவர் அதை விழுங்கும்; பலகைத் தடுப்பு விட்டுவிடும். ஆகவே வரைபடத்தில் புள்ளி வைத்தால் போதவில்லை. தற்காலிகமாக ஒரு பெட்டியை வைத்து, கருவியோடு நடந்து அளந்து, இடத்தை மாற்றித் திரும்பவும் அளக்க வேண்டியிருந்தது. பிறகு ஹில்ஸும் சக ஆய்வாளர்களும் இதற்கென்றே உருட்டிக்கொண்டு போகும் ஒரு வண்டிக் கருவியைச் செய்தார்கள்.

இன்னொரு வேடிக்கை: கம்பியில்லா வலையமைப்பின் ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பி வேண்டும். தகவலையும் மின்சாரத்தையும் ஒரே கேபிளில் அனுப்பும் தரநிலை 2003இல்தான் வந்தது. அதுவரை பல இடங்களில் பெட்டிக்குக் கிட்ட ஒரு பிளக் பொயின்ட்டும் தேவைப்பட்டது. படிக்கிற பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைவிட, பிளக் எங்கே இருக்கு என்பது முக்கியமாகிப் போகலாம். கூரைக்கென்று செய்த பெட்டியைச் சுவரில் அறைந்தாலும் இதே கதைதான். கீழே பரவ வேண்டிய அலை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்று எங்கட பல்கலைக்கழகங்களிலும், இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பான லேர்ன் வழியாக எடுரோம் இருக்கு. உங்கள் கம்பஸ் பாஸ்வேர்ட்டோடு இன்னொரு கம்பஸிலும் இணையலாம். ஆனால் பெட்டி இருக்கிற இடத்தில்தான் அந்த உரிமைக்கு உயிர்.

"இந்தப் பக்கம் சிக்னல் இல்லை" எண்டு மழை பெய்யாததைச் சொல்வதுபோலச் சொல்லிப் பழகிவிட்டோம். பல நேரம் அதன் அர்த்தம், அந்தப் பக்கம் யாரும் நடந்து அளக்கவில்லை என்பதுதான். ஒபிசுக்கு அளந்தார்களா, ஹொஸ்டலின் கடைசி அறைக்கு அளந்தார்களா என்று கேட்கலாம். நாங்களே போனோடு நடந்து, எந்த அறையில் எவ்வளவு வருகுது எண்டு எழுதிக் கணினி மையத்துக்குக் கொடுக்கலாம். பிட்ஸ்பேர்க்கில் தொடங்கியதும் அப்படி ஒரு நடையோடுதான்.