சிறு படகுத் துறைமுகங்களில் பராமரிப்புத் தூர்வாரல்

பராமரிப்புத் தூர்வாரல் என்பது, முன்னரே ஆழப்படுத்தப்பட்ட துறைமுகத்திலும் அதன் நுழைவாயிலிலும் மீண்டும் படியும் மணலையும் வண்டலையும் அகற்றி, உரிய ஆழத்தை நிலைநிறுத்தும் பணியாகும். துறைமுகம் உள்ளவரை இப்பணி தொடர வேண்டும். மீன்பிடிப் படகுகளும் பொழுதுபோக்குப் படகுகளும் பயன்படுத்தும் சிறு துறைமுகங்களுக்கு, இதற்கான நிதியை இடைவிடாது பெறுவதே முதன்மையான சிக்கலாகும்.

திட்டமிடல்

பல ஆண்டுகளின் நீராழ அளவீடுகளை ஒப்பிட்டு, ஆண்டுதோறும் சேரும் மண்ணின் அளவு கணிக்கப்படுகிறது. அடுத்த தூர்வாரல் வரை ஆழம் நீடிக்கும்பொருட்டு, தேவையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தோண்டப்படுவதுண்டு. மண்ணைச் சோதித்த பின்னரே அதைக் கொட்டுமிடம் முடிவு செய்யப்படும். தூய மணலைக் கடற்கரையில் இடலாம். மாசடைந்த வண்டலைத் தனியிடத்தில் சேர்க்க வேண்டியிருப்பதால் செலவு மிகும்.

அள்ளும் மண் குறைவாக இருந்தாலும், தூர்வாரியைக் கொண்டுவரும் செலவு அதே அளவில் குறைவதில்லை. எனவே அண்டைத் துறைமுகங்களின் பணிகளை ஒரே ஒப்பந்தத்தில் சேர்ப்பது சிக்கனமானது.

ஐக்கிய அமெரிக்காவில் நிதி

1986ஆம் ஆண்டின் நீர்வள மேம்பாட்டுச் சட்டம், துறைமுகப் பராமரிப்பு வரியையும் அதற்கான நிதியத்தையும் ஏற்படுத்தியது. பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கின் மதிப்பில் 0.125 விழுக்காடு வரியாகப் பெறப்படுகிறது. கூட்டரசின் பொறுப்பிலுள்ள கால்வாய்களை இராணுவப் பொறியாளர் படை தூர்வாருகிறது. படகுகளைக் கட்டும் இடங்கள் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பாகும். சரக்கின் எடையை முன்னிறுத்திய ஒதுக்கீட்டில் சிறு துறைமுகங்கள் பின்தங்கின. ஆண்டுக்கு 10 இலட்சம் டன்னுக்கும் குறைவான சரக்கைக் கையாளும் துறைமுகங்களுக்குக் குறைந்தது 15 விழுக்காடு ஒதுக்க 2020ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது.

சாந்தா குரூஸ் துறைமுகம்

கலிபோர்னியாவிலுள்ள சாந்தா குரூஸ் சிறு படகுத் துறைமுகம் 1964இல் திறக்கப்பட்டது. கரையோர நீரோட்டம் மேற்கிலிருந்து மணலைக் கொண்டுவருவதால், குளிர்காலங்களில் அதன் வாயில் தூர்ந்துவிடும். மணல்மேட்டின்மீது அலைகள் உடைவதால் படகுகள் கவிழும் ஆபத்து உண்டு. வாயில் அடைபட்டால் மீனவர் கடலுக்குச் செல்ல இயலாது.

1986இல் உள்ளூர்த் துறைமுக நிர்வாகம், கூட்டரசின் உதவியுடன் 'சீபிரைட்' என்னும் தூர்வாரியைப் பெற்று, பணியைத் தானே ஏற்றது. 2016இல் 'டுவின் லேக்ஸ்' என்னும் தூர்வாரி அதற்கு மாற்றாக வந்தது. அள்ளிய மணல் குழாய் வழியாகக் கிழக்கிலுள்ள கடற்கரைக்குச் செலுத்தப்படுகிறது. இதனால் துறைமுகம் தடுத்த மணல் மீண்டும் கரையைச் சேர்கிறது.

சொந்தத் தூர்வாரி இருப்பதால் ஒப்பந்ததாரருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆட்கூலி, எரிபொருள், பழுதுபார்ப்பு ஆகிய செலவுகள் ஆண்டுதோறும் எழுகின்றன. படகு நிறுத்தக் கட்டணமும் கடை வாடகையும் நிர்வாகத்தின் முக்கிய வருவாய் ஆதலால், இச்சுமையில் ஒரு பகுதி படகு உரிமையாளரையே சேர்கிறது.

இவற்றையும் பார்க்க

தூர்வாருதல்
அலைதாங்கி
கடலரிப்பு