தட்டுக்குத் தீட்டு உண்டோ?

சங்கீதம் தேவலோகத்துச் சரக்கென்றும், அதைக் கேட்பதற்கும் தனி யோக்கியதை வேண்டுமென்றும் சொல்லி வந்தவர்களின் வாயை அடைத்தது எது? கரிய அரக்குத் தட்டு ஒன்றேயாகும்.

1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார் பாடிப் பதிவு செய்த காலந்தொட்டு, இந்தியப் பாட்டுக்கள் கிராமபோன் தட்டுக்களாயின. ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷமே பாடும். ஆயினும் அந்த மூன்று நிமிஷம் செய்த வேலை பெரிது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் பிரவேசித்தது 1939 ஜூலை 8-ந் தேதியன்றோ? ஆனால் தட்டோ வாசலில் நின்று ஜாதி கேட்கவில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரமும், கிட்டப்பா, சுந்தராம்பாள் ஆகியோரின் குரலும் கடல் கடந்து மலாயாத் தமிழர் காதிலும் விழுந்தன. பெட்டி வாங்க வகையற்றவன் அண்டை வீட்டுப் பெட்டியில் கேட்டான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜாஸ் கறுப்பின மக்கள் வளர்த்த கலை. 1917-ல் வெளிவந்த முதல் ஜாஸ் தட்டோ வெள்ளையர் வாசித்தது. 1923-ல் கிங் ஆலிவர் குழுவும், அதிலிருந்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பதிவு செய்தபோது உரியவர்களின் மூச்சும் ஊர் கடந்து ஒலித்தது.

தட்டு ஜாதியை ஒழித்துவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே பாட்டுக்குத் தலையாட்டியவர்கள் ஒரே பந்தியில் உட்கார மறுத்ததுமுண்டு. காது சமமானால் போதாது. மனமும் சமமாதல் வேண்டும். செராஸிலும் கிள்ளானிலும் பழந்தட்டு வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றைப் பூட்டி வைக்காது, பிறரையும் அழைத்துக் கேட்கச் செய்வார்களாக.