அமைலேஸ் தடுப்பான்
ராஜ்மா விதையிலுள்ள காப்புப் புரதம். வண்டுப் புழுவின் குடலில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைப் பற்றிக்கொண்டு அதை முடக்கும். வயிறாரத் தின்றும் புழு பட்டினியால் சாகும். தட்டைப்பயறு வண்டு இதற்குப் பணியும். ராஜ்மாவிலேயே வாழப் பழகிய வண்டினங்கள் சில பணிவதில்லை.

இதன் மரபணுவைப் பட்டாணியில் ஏற்றி, ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் பட்டாணி வண்டை அடக்கியது. சுண்டெலிகளில் நோயெதிர்ப்பு எதிர்வினை தெரிந்ததால் 2005இல் அத்திட்டம் நின்றது. சாதாரண ராஜ்மாவும் அதே எதிர்வினையைத் தூண்டுவதாக 2013இல் வேறோர் ஆய்வு காட்டியது; அவசரப்பட்டுவிட்டார்களோ என்று கேட்க இடமுண்டு.

நன்கு வேகவைத்தால் அமைலேஸ் தடுப்பான் செயலிழக்கும்.