பவுண்டுக்குப் போன வீடு: அமெரிக்கத் தெருக்களில் 72 மணி நேர நிறுத்த விதி வந்த வழி

கலிஃபோர்னியாவின் பல நகரங்களில் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் காரை அப்புறப்படுத்தலாம். அந்த மாநில வாகனச் சட்டத்தின் 22651(கே) பிரிவு இதற்கு வழிவிடுகிறது. உள்ளூர் விதி இருந்தால் போதும். நடைமுறை எளிது. அக்கம்பக்கத்தார் ஒருவர் புகார் சொல்கிறார். அலுவலர் வந்து டயரில் சாக்பீஸால் கோடு போடுகிறார், அல்லது சக்கரத்தின் காற்று வால்வு எந்தத் திசையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறார். கண்ணாடியில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போகிறார். கெடு முடிந்து அவர் திரும்பி வரும்போது வால்வு அதே திசையில் இருந்தால் இழுவை வண்டி வரும். சில நகரங்களில் காரை நாலடி தள்ளி நிறுத்துவதும் செல்லாது. ஒரு மைலில் பத்தில் ஒரு பங்காவது ஓட்டியிருக்க வேண்டும்.

இந்த விதி ஒரே நாளில் ஒரே நோக்கத்தோடு உருவானதல்ல. சாலை யாருக்கு என்ற பழைய ஆங்கிலச் சட்டக் கருத்து, மாடு அடைக்கும் பவுண்டின் நடைமுறை, கைவிடப்பட்ட கார்களால் நகரங்கள் பட்ட அவதி என மூன்று இழைகள் இதில் முறுக்கேறியிருக்கின்றன. வண்டியைத் தவிர வேறு உடைமையில்லாதவர்மீது இவ்விதி விழுந்தபோதுதான் இந்த இழைகள் தனித்தனியே தெரிய ஆரம்பித்தன.

முதல் இழை 1812ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லண்டன் சேரிங் கிராஸ் பகுதியில் கோச்சு வண்டிகள் பயணிகளுக்காக நெடுநேரம் தெருவிலேயே காத்து நின்றன. இதுபற்றி வந்த வழக்கை விசாரித்த நீதிபதி எல்லன்பரோ பிரபு, அரசனின் பெருவழியை லாய முற்றமாக்க எவருக்கும் உரிமையில்லை என்று தீர்ப்பளித்தார். சாலை போய்வருவதற்கு உரியது, வைத்திருப்பதற்கு உரியதல்ல என்ற இக்கொள்கை அமெரிக்காவுக்கும் சென்றது. குதிரைக் காலத்தில் அதைக் காப்பாற்றுவது அத்தனை கடினமாக இல்லை. தீனியும் தண்ணீரும் கேட்கும் குதிரையை இரவு முழுவதும் தெருவில் விட்டுவைக்க முடியாது. லாயத்துக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். கார் எதையும் கேட்பதில்லை. வீட்டு வாசலில் விட்டால் விட்ட இடத்தில் கிடக்கும். சட்டத்தை மாற்றியது காரின் இந்தக் குணம்தான் என்பது என் கருத்து. நியூயார்க்கில் ஒரு காலத்தில் இரவில் தெருவில் கார் நிறுத்துவதே சட்டவிரோதம். தடையை மீறி நின்ற கார்கள் பெருகப் பெருக நகரம் இறங்கிவந்தது. 1950இல் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், தெருக்கூட்டும் வண்டிக்கு வழிவிட நாள்விட்டு நாள் ஒரு பக்கத்தைக் காலி செய்யும் முறை தொடங்கியது. நிறுத்தாதே என்று சொல்லிக்கொண்டிருந்த நகரம், நிறுத்து, ஆனால் நகர்த்து என்று சொல்லத் தொடங்கியது.

இரண்டாம் இழை நமக்கு அந்நியமானதல்ல. இழுத்துச் சென்ற காரை அடைத்துவைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், மாட்டைப் பவுண்டில் அடைப்பதிலிருந்து வந்தது. இந்தியாவில் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இந்தப் பவுண்டை ஊர்தோறும் நிறுவியது. பயிரில் மேய்ந்த மாட்டையும் சாலையில் திரிந்த மாட்டையும் பிடித்து அடைப்பார்கள். உடையவர் அபராதமும் தீனிச்செலவும் கட்டி மீட்க வேண்டும். கெடுவுக்குள் வராவிட்டால் மாடு ஏலத்துக்குப் போகும். இன்றைய கார் அடைப்பிடத்தின் கணக்கும் அச்சு அசல் இதுவே: அபராதம், இழுவைக் கூலி, நாளுக்கு நாள் ஏறும் இடவாடகை, கட்டாவிட்டால் ஏலம். ஒரு வேறுபாடு மட்டும் கண்ணில் படுகிறது. மாட்டுக்குத் தினமும் தீனி போட்டாக வேண்டும். முற்றத்தில் நிற்கும் காருக்கு நாள்தோறும் என்ன செலவாகிறது?

பவுண்டுக்குக் கொண்டுபோகும் கருவி டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் பிறந்தது. எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரர், ஓடையில் விழுந்த ஒரு ஃபோர்டு காரை ஆட்களை வைத்து வெளியே எடுக்கப் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1913ஆம் ஆண்டுத் தயாரிப்பான கேடில்லாக் கார் ஒன்றில் மூன்று கம்பங்களையும் கப்பியையும் சங்கிலியையும் பொருத்தி 1916இல் இழுவை வண்டியை அமைத்தார். விபத்தில் சிக்கியவரைக் கரையேற்ற வந்த வண்டி அது.

நிறுத்தும் நேரத்துக்கு வரம்பு கட்டுவது கடைத்தெருவில் தொடங்கியது. 1935இல் ஓக்லஹோமா சிட்டியில் கார்ல் மெகீ முன்னின்று நிறுவிய மீட்டர் மணிக்கு 5 சென்ட் கேட்டது. குடியிருப்புத் தெருக்களில் வெளியாரின் கார்களை மட்டுப்படுத்தும் அனுமதிச்சீட்டு முறையை, வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் வழக்கில் 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அருகிலிருந்த அலுவலகங்களுக்கு வருவோர் தங்கள் தெருக்களை அடைத்துக்கொள்வதாக அங்குள்ளோர் முறையிட்டிருந்தார்கள்.

மூன்றாம் இழை பழைய இரும்பின் விலையோடு பின்னியது. புதிய ஆக்சிஜன் உலைகளுக்குக் கழிவிரும்பு குறைவாகவே போதும். அதனால் 1960களில் பழைய காரை உடைப்பவரிடம் கொண்டுபோய் விடும் கூலிக்குக்கூட இரும்பு விலை கட்டவில்லை. ஓடாத கார்களை மக்கள் தெருவிலேயே விட்டுப் போனார்கள். அவற்றை அகற்ற நகரங்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. மூன்று நாள் அசையாத கார் கைவிடப்பட்டது என்று கருதும் விதி அதற்கு வாகாக இருந்தது. அந்த அளவுகோல் அசைவை மட்டும்தான் அளந்தது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று அது பார்க்கவில்லை.

நீதிமன்றங்கள் மெல்லத்தான் விழித்தன. சான் பிரான்சிஸ்கோ தொடர்பான வழக்கில் 1977இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், காரைப் பிடித்துவைத்ததற்கான நியாயத்தைச் சொல்ல ஐந்து நாள் எடுப்பது அதிகம் என்றது. 2005இல் ஓரிகனின் கார்னீலியஸ் நகர வழக்கில், யாருக்கும் இடைஞ்சலில்லாமல் சொந்த வீட்டு வளாகத்தில் நின்ற காரைப் பிடுங்கியது முறையல்ல என்றது. டயரில் போடும் சாக்பீஸ் கோடும் விசாரணைக்கு வந்தது. மிச்சிகனின் சாகினா நகர வழக்கில் 2019இல் ஆறாவது வட்டார நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் பொருளில் சோதனை என்றே கொண்டது. 2022இல் சான் டியேகோ வழக்கில் ஒன்பதாவது வட்டாரம் அதை அனுமதித்தது.

இவையெல்லாம் நடைமுறை பற்றிய வாதங்கள். சியாட்டில் வழக்கு வேறு தளத்துக்குப் போனது. 2016 அக்டோபரில் ஒருவர், கைவேலைக் கருவிகள் நிறைந்த தம் பிக்கப் லாரியை நகரத்துக்குச் சொந்தமான சரளைத் தரையில் நிறுத்தியிருந்தார். அவர் குடியிருந்ததும் அதில்தான். லாரி பழுது. 72 மணி நேர அறிவிப்பு ஒட்டப்பட்டது. இரவு நேரத் துப்புரவு வேலையில் அவர் இருந்தபோது லாரியை இழுத்துப் போய்விட்டார்கள். திரும்பி வந்தவருக்குப் படுக்க அந்த வெறுந்தரைதான் இருந்தது. அன்றைக்கு மழை வேறு. கருவிகள் பூட்டிய லாரிக்குள் இருந்ததால் அவற்றைக்கொண்டு செய்யும் வேலையும் போயிற்று. இழுவைக்கும் இடவாடகைக்கும் வந்த கணக்கு 900 டாலருக்கு மேல். நகர நடுவர் அதைச் சுமார் 547 டாலராகக் குறைத்து, மாதம் 50 டாலராகக் கட்டச் சொன்னார்.

வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இரண்டு முடிவுகளைச் சொன்னது. ஒன்று, அந்த லாரி அவருடைய வீடு; கடனுக்காக வீட்டை விற்கவிடாமல் காக்கும் மாநிலச் சட்டம் அதற்கும் பொருந்தும். இரண்டு, அவர் வருவாய்க்கு அந்தத் தொகை அரசியலமைப்பின் எட்டாம் திருத்தம் தடுக்கும் மிகையான தண்டம். அபராதத்தை எடைபோடும்போது குற்றத்தின் அளவைப் பார்த்தால் போதாது, கட்டுபவரின் கையிருப்பையும் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் ஏற்றது இதில் முக்கியம். இந்த நூற்றாண்டில் வண்டி நிறுத்தம் பற்றி வந்த மனிதத்தன்மை மிக்க தீர்ப்பு இது என்று தயங்காமல் சொல்வேன்.

ஆயினும் அத்தீர்ப்பு 72 மணி நேர விதியை நீக்கவில்லை. கொரோனா காலத்தில் அதை நிறுத்திவைத்திருந்த சியாட்டில், தீர்ப்பு வந்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில், 2021 அக்டோபரில் மீண்டும் அமலாக்கத் தொடங்கியது. 2023இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராகச் சொன்னது கட்டப்படாத அபராதச் சீட்டுகளுக்காக, முறையாக நிற்கும் காரை இழுப்பதைப் பற்றி மட்டுமே.

இழுக்கப்பட்ட காருக்கு விசாரணை கேட்க கலிஃபோர்னியச் சட்டம் 10 நாள் தருகிறது. அதற்கான அறிவிப்பு, பதிவேட்டில் உள்ள முகவரிக்கு அஞ்சலில் போகிறது. காரிலேயே வாழ்பவர் அந்த முகவரியை விட்டு வெளியேறி மாதங்கள் ஆகியிருக்கும். கண்ணாடியில் அறிவிப்பை ஒட்டும் முன் உள்ளே எட்டிப் பார்த்து, இதில் யாரும் குடியிருக்கிறார்களா என்று கேட்பதை நகரங்கள் விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.