கொப்பரைக்குள் ஓர் அமிலம்: மதுரைச் சமவெளியிலிருந்து நுரை வரை

மதுரை மாவட்டம் வாடிப்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏலத்துக்கு வரும் கொப்பரையில் முதலில் பார்க்கப்படுவது ஈரம். கையால் ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் விலை இறங்கும். உடைத்த தேங்காயைக் களத்தில் காயவைத்து, ஓட்டிலிருந்து பருப்பு விட்டதும் நெம்பி எடுத்து, மறுபடி காயப்போடுகிறார்கள். பச்சைப் பருப்பில் பாதியளவு இருக்கும் நீர் ஆறு, ஏழு சதவீதத்துக்கு இறங்கும்வரை வெயிலை நம்பித்தான் வேலை.

இடையில் மழை பிடித்துவிட்டால் பூஞ்சணம் படரும். அதன் நொதிகள் எண்ணெயைப் பிளந்து கொழுப்பு அமிலங்களை விடுவிக்கும். எண்ணெய் காறும், நாக்கில் சோப்புச் சுவை தட்டும். அந்தச் சுவைக்கு முக்கியக் காரணம் லாரிக் அமிலம். ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே நம் அடுக்களைகள் அதைக் காறலாக அறிந்திருந்தன.

1842-இல் ஐரோப்பிய லாரல் மரத்தின் கொழுப்பிலிருந்து தியோடர் மார்சன் இதைப் பிரித்தறிந்தார். பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி. எட்டு கார்பன் உள்ள கேப்ரிலிக், பத்து கார்பன் உள்ள கேப்ரிக் அமிலங்களோடு நடுத்தரச் சங்கிலி வகையில் இது சேர்க்கப்படுகிறது. ஆனால் உடல் இதில் பெரும்பங்கை நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே கையாள்வதால், இதை எல்லையில் நிற்கும் அமிலம் என்பதே பொருந்தும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி இதுதான். தனி லாரிக் அமிலம் 44 டிகிரியில் உருகும். எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழி விடியலில் மதுரை வீடுகளில் எண்ணெய்ப் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளக்குவது இதனால்தான்.

1895-இல் பெரியாறு அணை நீர் வைகைப் பக்கம் திரும்பியதும் மதுரைச் சமவெளியின் பாசனம் உறுதிப்பட்டது. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் வயலும் தென்னந்தோப்பும் அடுத்தடுத்து நிற்பது அந்தத் தண்ணீரின் பயன். தோப்புக்கு வெளியே, மாவட்டத்தின் பல இடங்களில் கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். லாரிக் அமிலத்தின் தொழில் மதிப்பு அங்கேதான் புரியும். இத்தகைய கடினநீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படிந்துவிடும். கொழுப்புச் சங்கிலி குறுகக் குறுக அந்தச் சோப்பு நீரில் நன்றாகக் கரையும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல்நீரிலும் நுரைக்கும் என்பதால் கப்பல் மாலுமிகள் அதையே நாடினார்கள்.

மதுரையும் மலபாரும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்த நாளில், 1914-இல், பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் கோழிக்கோட்டில் அரசு சோப்பு நிலையம் உருவானது. 1917-இல் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் பிறந்தது. எர்ணாகுளத்தில் அதன் ஆலை எழுந்தது. கொப்பரையாகவே கப்பலேறிக்கொண்டிருந்த சரக்கை உள்நாட்டிலேயே பொருளாக்க எடுத்த முயற்சிகள் இவை. தென்னாட்டுத் தொழில் வரலாற்றில் இவற்றுக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

அடுத்த திருப்பம் வேறு நாட்டில் நிகழ்ந்தது. தேங்காய்க் கொழுப்பிலிருந்து லாரில் ஆல்கஹால் எடுத்து, அதைச் சல்பேட்டாக மாற்றும் வழியை ஜெர்மன் வேதியியலாளர்கள் வகுத்தார்கள். அந்தப் பொருள் எந்த உப்புத் தண்ணீரிலும் பிசுக்குப் படியாமல் நுரைத்தது. 1933-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டிரெஃப்ட் சலவைத்தூள் இந்த வழியில் பிறந்ததே. அதே வேதியியலின் நீட்சியே ஷாம்பு. 1983-இல் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் நிறுவனம் அதைச் சிறு பாக்கெட்டில் பரப்பியது. சீயக்காய் அரைத்த வீடுகளின் கொடியிலும் பெட்டிக்கடைச் சரத்திலும் பாக்கெட்டுகள் தொங்கின. தலையில் தேய்ப்பதும் லாரிக், அதைக் கழுவுவதும் லாரிக் என்ற நிலை அப்படி வந்தது.

கழுவும் லாரிக் தேங்காயிலிருந்து வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எண்ணெய்ப்பனைப் பழத்தின் கொட்டைப் பருப்பு எண்ணெயிலும் ஏறத்தாழ அதே அளவு லாரிக் அமிலம் உண்டு. பாமாயிலின் உபபொருளாக அது மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் மலிந்து கிடைக்கிறது. சுமார் 250 டிகிரி வெப்பத்தில், காற்றழுத்தத்தைப்போல் ஐம்பது மடங்கு அழுத்தத்தில், எண்ணெயை நீரால் பிளக்கும் உயர்ந்த கோபுரங்கள் அங்கே வளர்ந்தன. பிளந்ததை வடித்துப் பிரித்தால் பன்னிரண்டு கார்பன் பகுதி சோப்புக்கும் ஷாம்புக்கும் போகும். எட்டும் பத்தும், கொழுப்புச் செரிக்காத நோயாளிகளுக்கான எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலி) எண்ணெயாகும்.

வாடிப்பட்டிக் கொப்பரையின் பயணமோ பெரும்பாலும் எண்ணெய் ஆலையோடு நின்றுவிடுகிறது. இதை உழவரின் அசட்டை என்று சொல்வது நியாயமாகாது. சமையலுக்கும் தலைக்கும் கேட்கப்படும் எண்ணெயைப் பிளந்து அமிலமாக்கினால், எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெயின் விலையோடு மோத வேண்டிவரும். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தக் கணக்கு இன்னும் கட்டுப்படியாகாமல் போனது. அந்த ஆண்டு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் தரம் பிரிக்க ஈரப்பதம் உண்டு, பூஞ்சணம் உண்டு, சுருங்கிய பருப்பு உண்டு. லாரிக் அமிலத்தின் அளவுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.