ஒரே சரக்கு, இரண்டு விலை

பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' என்ற பாடம் ஞாபகம் இருக்கும். ஒரு கடையின் மேஜை, நாற்காலி, சரக்கு, கல்லாவில் இருக்கும் பணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். கடையை விலைக்குக் கேட்டு வருகிறவர் சமயத்தில் அந்தக் கூட்டுத்தொகைக்கு மேலேயே தருவார். ஏன்? கடைக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ஜனங்கள் தேடி வருகிறார்கள். அந்தப் பெயருக்குக் கொடுக்கிற விலைதான் குட்வில். கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது. ஆனாலும் பேலன்ஸ் ஷீட்டில் அது சொத்து!

பரீட்சைக்காக இதை உருப்போட்டு எழுதி, அதோடு மறந்தும் போனேன். நிஜமாகவே புரிந்தது, ஓர் அமெரிக்க ராக் குழுவின் கதையைப் படித்தபோதுதான்.

குழுவின் பெயர் வில்கோ. வயர்லெஸ்ஸில் பேசுகிற ராணுவக்காரர்களும் விமானிகளும் பயன்படுத்துகிற வார்த்தை அது. 'சொன்னபடி செய்கிறேன்' என்று அர்த்தம். பெயர் அப்படி. ஆனால், சொன்னபடி செய்ய மாட்டேன் என்று சொன்னதால்தான் சரித்திரத்தில் இடம் பிடித்தார்கள்.

1987-ல் இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் என்ற சின்ன ஊரில் ஜே ஃபாரர், ஜெஃப் ட்வீடி என்ற இரண்டு இளைஞர்கள் 'அங்கிள் டுபெலோ' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். அவர்கள் பாடியது ரூட்ஸ் ராக் வகை. அதாவது, அமெரிக்கக் கிராமத்துக் கன்ட்ரி பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, கறுப்பின மக்களின் ப்ளூஸ் ஆகியவற்றில் வேர்விட்டு, எலெக்ட்ரிக் கிதாரில் கிளைவிட்ட இசை. 1994-ல் இருவருக்கும் ஒத்துவராமல் ஃபாரர் விலகினார். மிச்சம் இருந்தவர்களை வைத்து ட்வீடி தொடங்கியதுதான் வில்கோ.

பாட்டை வெளியிட்ட கம்பெனி, ரிப்ரைஸ். 1960-ல் இதை ஆரம்பித்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஃபிராங்க் சினாட்ரா! பாடகனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்றுதான் சொந்தமாக ஒரு கம்பெனி கண்டார். மூன்றே வருஷத்தில் அது வார்னர் குடும்பத்துக்குப் போய்விட்டது.

வில்கோவின் பாட்டுகள் பட்டையைக் கிளப்பின என்று சொல்ல முடியாது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை சுமார்தான். ஆனால், ட்வீடி ரசிகர்களை மதித்தார். 1996-ல் இரட்டை ஆல்பம் போட்டபோது, விலை ஏறக்கூடாது என்பதற்காகத் தன் ராயல்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத முதலீடு அது.

இப்போது 2001-க்கு வாருங்கள். ஜனவரியில் இன்டர்நெட் கம்பெனியான ஏஓஎல்லும் டைம் வார்னரும் ஒன்றாகிவிட்டன. ஊரே வாயைப் பிளந்த கல்யாணம். புது நிர்வாகம் வந்தால் என்ன நடக்கும்? செலவைக் குறை, ஆளைக் குறை! ரிப்ரைஸின் தலைவர் ஹோவி க்ளைன், வில்கோவுக்குப் பக்கபலமாக இருந்தவர். அவரும் கிளம்பிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வில்கோ தன் புது ஆல்பத்தைக் கொண்டுபோய் நீட்டியது. பெயர், 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'. இதுவும் வயர்லெஸ் பாஷைதான். சிற்றலை வானொலியில் ஏதோ ஒரு மர்ம ஸ்டேஷனில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும் சங்கேதம். ஆல்பத்துக்குள்ளேயும் அந்தக் குரல் வரும். வேர் பழைய கன்ட்ரிதான். ஆனால் மேலே இரைச்சல், கரகரப்பு, விநோத ஓசைகள். ரிப்ரைஸ் அதிகாரிகள் கேட்டார்கள், முகம் சுளித்தார்கள். மாற்றச் சொன்னார்கள்.

மாட்டோம் என்றது வில்கோ.

அப்படியானால் நடையைக் கட்டுங்கள் என்றது கம்பெனி. ரெக்கார்டிங் செலவு அதன் பணம்தான். ஆனாலும் கடைசியில் காசு வாங்காமலே உரிமையைக் கொடுத்து அனுப்பிவிட்டது. வராக்கடன் கணக்கில் எழுதி மூடுவார்களே, அந்த மாதிரி.

வில்கோ அடுத்துச் செய்ததுதான் வேடிக்கை. 2001 செப்டம்பர் 18-ம் தேதி, முழு ஆல்பத்தையும் தங்கள் இணையதளத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம் என்றார்கள். ஐபாட்கூட இன்னும் கடைக்கு வராத காலம் அது. தவிர, நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஒரே வாரம்தான் ஆகியிருந்தது. ஆல்பத்தின் அட்டையில் இருந்ததும் ஜோடிக் கோபுரங்கள் - சிகாகோவின் மெரினா சிட்டி. ஒரு பாட்டின் தலைப்பு, அமெரிக்கக் கொடிகளின் சாம்பலைச் சொல்வது. எல்லாமே தாக்குதலுக்கு முன்பே பதிவானவை. கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்க்காமல் இருந்திருக்குமா? கடைக்கே வராத ஆல்பத்தை, கச்சேரிகளில் ரசிகர்கள் கூடவே பாடினார்கள்.

கம்பெனிகள் தேடி வந்தன. வில்கோ கையெழுத்துப் போட்டது நன்சச் என்ற கம்பெனியில். அது யாருடையது?

அதே ஏஓஎல் டைம் வார்னருடையது! இடது கை தூக்கியெறிந்ததை, வலது கை காசு கொடுத்து வாங்கியது. ஒரே சரக்குக்கு ஒரே முதலாளி இரண்டு தடவை விலை கொடுத்தார்.

2002 ஏப்ரல் 23-ல் ஆல்பம் வெளியானது. ஓசியில் கேட்டவர்கள் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்று நினைப்பீர்கள். கொடுத்தார்கள். முதல் வாரமே 55,000 பிரதிகளுக்கு மேல் விற்று, பில்போர்டு பட்டியலில் 13-வது இடம். பிற்பாடு ஐந்து லட்சத்தையும் தாண்டியது.

அதே வாரத்தில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. ஏஓஎல் டைம் வார்னரின் காலாண்டுக் கணக்கு. நஷ்டம், சுமார் 5,400 கோடி டாலர். காரணம் என்ன தெரியுமா? அந்தப் பெரிய கல்யாணத்தில் சொத்தாக எழுதி வைத்திருந்த குட்வில், அவ்வளவு பெறாது என்று அவர்களே அடித்து எழுத வேண்டி வந்தது! இல்லாத நல்ல பெயருக்கு மலையளவு விலை போட்டவர்கள், இருந்த நல்ல பெயரைச் சும்மா கொடுத்துவிட்டார்கள்.

இத்தோடு 'சுபம்' போட எனக்கும் ஆசைதான். ஆனால் பேரேட்டில் பற்றுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறதே. அந்த ஆல்பத்தின் பல பாட்டுகளை ட்வீடியோடு சேர்ந்து எழுதியவர் ஜே பென்னட். மிக்ஸிங் நேரத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. 2001 ஆகஸ்டில், வெற்றியைப் பார்ப்பதற்கு முன்பே, அவர் வெளியே அனுப்பப்பட்டார். 2009 மே மாதம், தனக்கு வரவேண்டிய பணம் பாக்கி என்று ட்வீடி மேல் வழக்குப் போட்டார். அதே மாதம் இறந்துபோனார். வயது 45. ரசிகர்களிடம் அவ்வளவு குட்வில் சேர்த்த குழுவால், உள்ளே இருந்த ஒரு தோழனிடம் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

2011-ல் வில்கோ சொந்தமாகவே 'டிபிபிஎம்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வந்த ஆல்பங்கள் அதில்தான். 2015-ல் ஒரு புது ஆல்பத்தை முன்னறிவிப்பே இல்லாமல் இலவசமாகக் கொடுத்தார்கள். மாற்றச் சொல்ல மேலே யாரும் இல்லை. சினாட்ரா 1960-ல் ஆசைப்பட்டதும் இதற்குத்தானே?

நல்ல பெயரைச் சம்பாதிக்க வருஷங்கள் ஆகும். அதற்கு விலை போட, அதைச் சம்பாதித்துப் பார்த்தவர்களால்தான் முடியும். இதை பி.காமில் யாரும் சொல்லித் தரவில்லை.