செயற்கை இதய வால்வுடன் வாழ்தல்: கடலோரக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

இதயத்தில் உள்ள 4 வால்வுகளும் இரத்தத்தை ஒரே திசையில் செல்லவிடும் கதவுகள் ஆகும். அவை சுருங்கினாலோ, முழுமையாக மூடாமல் கசிந்தாலோ மூச்சுத்திணறல், படபடப்பு, கால் வீக்கம் ஆகியவை தோன்றும். நம் நாட்டில் இளம் வயதினரிடம் இந்நோய் காணப்படுவதற்கு, சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலே முக்கியக் காரணம். பாதிப்பு மிகுந்தால் வால்வு மாற்றப்படுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம் உருவாக்கிய உள்நாட்டு வால்வு, 1990-ஆம் ஆண்டில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

உலோக வால்வு பொருத்தப்பட்டவர் அறுவை சிகிச்சையோடு நோய் முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது. வால்வின் மீது இரத்தம் உறைந்தால் அது அசையாமல் நின்றுவிடலாம்; உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். இதைத் தடுக்கவே வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை வாழ்நாள் முழுவதும் வழங்கப்படுகிறது. அளவு குறைந்தால் உறைகட்டி, மிகுந்தால் இரத்தக்கசிவு. சரியான அளவை ஐ.என்.ஆர். பரிசோதனை காட்டும். பொதுவாக அயோர்டிக் வால்வுக்கு 2 முதல் 3 வரையும், மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரையும் இருக்க வேண்டும். உங்களுக்கு உரிய அளவை மருத்துவர் குறித்துத் தருவார். அளவு நிலைபெற்ற பின்னரும் ஏறத்தாழ மாதம் ஒருமுறை பரிசோதனை தேவை. மதுரையில் அறுவை சிகிச்சை பெற்ற இராமேசுவரம், பாம்பன் பகுதியினர், ஒவ்வொரு முறையும் அங்குச் செல்ல இயலாது என்பதற்காகப் பரிசோதனையையே விட்டுவிடுவது ஆபத்தானது. அருகில் எங்குச் செய்துகொள்ளலாம் என்பதை வீடு திரும்பும் முன்பே கேட்டறியுங்கள்.

கடல் தொழிலுக்குச் செல்பவர்களுக்கு

மீண்டும் தொழிலுக்குச் செல்லலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சங்கு குளித்தல், கடற்பாசி எடுத்தல் போன்று மூச்சடக்கி மூழ்கும் வேலைகளுக்கு இது மிகவும் பொருந்தும். கடலுக்குச் செல்லும்போது நீர் புகாத டப்பாவில் மாத்திரையையும் மருந்துச் சீட்டின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கரை திரும்பத் தாமதமாகலாம். எனவே சில நாட்களுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். ஒரு வேளை மறந்து அதே நாளில் நினைவு வந்தால் உட்கொள்ளலாம். மறுநாள் இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்து உட்கொள்ளக் கூடாது. தூண்டில் முள்ளோ கத்தியோ கிழித்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் கரை திரும்புங்கள். படகில் வழுக்கித் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலை இழுத்த உடல்வலிக்குக் கடையில் வாங்கும் வலி நிவாரணிகள் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எக்கோ பரிசோதனைக்கும் பல் சிகிச்சைக்கும் ஏற்ற காலம். பல் பிடுங்கும் முன் வால்வு பற்றி மருத்துவரிடம் கூறுங்கள். முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்திற்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசியையும் வால்வு மாற்றிய பின் தொடர வேண்டியிருக்கும்.

உணவு

மீன் உண்ணலாம். முருங்கைக்கீரை போன்ற கீரைகளில் உள்ள வைட்டமின் கே, மாத்திரையின் செயலைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும், மறுவாரம் சிறிதும் இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாக உண்ணுங்கள். கால் வீக்கம் உள்ளவர்கள் கருவாட்டையும் உப்புக்கண்டத்தையும் தவிர்க்க வேண்டும். மது கூடாது.

பராமரிப்பவர்கள் கவனத்திற்கு

வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வால்வு மாற்றப்பட்டிருந்தால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும், ஆனால் அதைத் திடீரென நிறுத்துவது தாயின் உயிருக்கே ஆபத்து. மாதவிலக்கு தள்ளிப்போனால் அன்றே தெரிவியுங்கள்.

காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், கடையில் மருந்து வாங்கித் தராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது வால்வில் ஏற்பட்ட தொற்றாக இருக்கலாம். வால்வின் ‘டிக் டிக்’ ஒலி மங்கினாலோ, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, கறுப்பு நிற மலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஐ.என்.ஆர். குறிப்பேட்டை உடன் கொண்டு செல்லுங்கள்.